குவில்ட் அடுக்குகளைப் பசை வைத்துப் பிடித்து வைப்பது எப்படி

குவில்ட் என்பது மூன்றடுக்காகத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வை. அதற்கான ஒட்டுத்துணிகளை இணைத்து மேல் துணியைத் தைத்தாயிற்று. அடித்துணியும் நடுவில் வைக்கப் பஞ்சு ஷீட்டும் தயார். இனி மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மெஷினில் ஓட்டி முடிக்கும்வரை நகராமல் பிடித்து வைக்க வேண்டும். இதற்குப் பேர் பேஸ்டிங். குவில்ட் வேலையில் பலரும் சலித்துக்கொள்கிற கட்டம் இதுதான். தரையில் விரித்து முழங்காலில் நகர்ந்துகொண்டே நான்கு விரல் இடைவெளியில் ஊக்கு குத்த வேண்டும், அல்லது நீளநீளமாக ஓட்டுத் தையல் போட வேண்டும். தைக்கும்போது ஒவ்வொரு ஊக்காக நின்று நின்று கழற்றவும் வேண்டும்.

நான் மதுரையில் வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவள். வெட்டி மீந்த பருத்தித் துண்டுகளையும், பழைய சுங்குடிச் சேலைகளில் இழை கெடாத பகுதிகளையும் வைத்துக் குழந்தைகளுக்குக் குவில்ட் தைப்பது கூடவே நடக்கிறது. முழங்கால் வலி வந்த பிறகு தரையில் உட்கார்ந்து செய்கிற வேலை எல்லாவற்றையும் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டேன். மேசைமேல் செய்ய மிகவும் தோதானது பசை பேஸ்டிங். இன்று மெஷினில் ஓட்டுகிற குவில்ட் எதற்கும் நான் ஊக்கு எடுப்பதில்லை.

பசை என்றதும் தைக்கப் பழக வரும் பெண்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, ஊசியில பசை அப்பிக்காதா? போர்வை அட்டை மாதிரி ஆகிடாதா?" அதிகமாக வைத்தால் இரண்டும் நடக்கும். தையல் விழும்வரை துணி நகராமல் நின்றால் போதும், அதற்கு மேல் பசைக்கு வேலை கிடையாது. முதல் துவைப்பிலேயே அது தண்ணீரோடு போய்விட வேண்டும். எந்தப் பசை, எவ்வளவு, எங்கே என்பதையெல்லாம் இதை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுக்கு ஏன் நகர்கிறது

மெஷினில் துணியை முன்னே தள்ளுவது அடியில் இருக்கும் பல். அது அடித்துணியைத்தான் பிடித்து இழுக்கிறது. மேலே பிரஸ்ஸர் ஃபுட் அழுத்திக்கொண்டு நிற்பதால் மேல் துணி பின்தங்குகிறது. நடுவில் இருக்கும் பஞ்சு இரண்டுக்கும் இடையே வழுக்குகிறது. ஒரு தையலில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. 50 அங்குலம் ஓட்டி முடிப்பதற்குள் மேல் துணி ஃபுட்டுக்கு முன்னால் குவிந்து, கடைசியில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பின் மேலேயே தையல் ஏறிவிடும். குறுக்கே அடுத்த வரி ஓட்டும்போது சதுரமாக இருந்த கட்டம் கோணிப்போகும்.

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வைக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. அடியில் ஒரு சேலையை விரித்துக்கொண்டு, ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு துண்டாக வைத்துக் கையால் ஓட்டிக்கொண்டே நடுவை நோக்கி வருவார்கள். துண்டு வைப்பதும் அடுக்கைச் சேர்ப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முறை அது. நாமோ மேல் துணியைத் தனியாக முழுதாகத் தைத்துவிட்டு, மொத்தமாக ஒரே நேரத்தில் பஞ்சின் மேல் விரிக்கிறோம். அதனால்தான் நமக்குப் பேஸ்டிங் தேவைப்படுகிறது.

எந்தப் பசை

வேண்டியது வெள்ளைப் பசை, அதிலும் துவைத்தால் போகிற வகை. வெள்ளைப் பசை என்பது பாலிவினைல் அசிட்டேட் என்ற பொருளின் நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கும் கலவை. தண்ணீர் வற்றியதும் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மெல்லிய படலமாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று செய்யப்படும் பசையில் இந்தப் படலம் தண்ணீர் பட்டால் மறுபடி இளகும்படி தயாரிக்கிறார்கள். மரவேலைப் பசை அப்படி இளகக்கூடாது என்பதற்காகவே தயாரிக்கப்படுகிறது. இரண்டும் வெள்ளையாக, பார்க்க ஒரேமாதிரி இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் குவில்ட்டுக்குப் பசை வைப்பவர்கள் பெரும்பாலும் எல்மர்ஸ் வாஷபிள் ஸ்கூல் குளூவைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஷாரன் ஷாம்பர் போன்ற குவில்ட் ஆசிரியர்கள் ஓரப்பட்டி தைக்க, மடிப்பைப் பிடித்து நிறுத்த இந்தப் பசையையும் இஸ்திரிச் சூட்டையும் சேர்த்துப் பயன்படுத்திக் காட்டியதில் இது பரவலானது. அதே எல்மர்ஸின் குளூ ஆல் வேறு சாமான், அது துவைத்துப் போக்குவதற்கான பசை அல்ல. நம் ஊரில் ஸ்டேஷனரிக் கடையில் ஃபெவிகால் எம்ஆர் கிடைக்கும், பள்ளி வேலைக்கான வேறு வெள்ளைப் பசைகளும் கிடைக்கும். ஆசாரிமார் பயன்படுத்தும் ஃபெவிகால் எஸ்ஹெச்சைத் துணிப் பக்கமே கொண்டுவர வேண்டாம். துணிப் பசை என்ற பெயரில் விற்பதும் நமக்கு ஆகாது, அது துவைத்தாலும் போகாமல் நிற்பதற்காகச் செய்தது. நிறம் போட்ட பசை, ஜிகினா கலந்த பசை எதுவும் வேண்டாம்.

பாட்டிலில் எந்தப் பெயர் இருந்தாலும், லேபிளில் என்ன எழுதியிருந்தாலும், ஒரு சோதனைத் துண்டு செய்யாமல் குவில்ட்டில் பசை வைக்காதீர்கள். குவில்ட்டில் போகப்போகும் அதே மேல் துணி, அதே பஞ்சு, அதே அடித்துணி மூன்றிலும் 6 அங்குலச் சதுரம் வெட்டுங்கள். நீங்கள் வைக்கப்போகும் அளவிலேயே பசைப்புள்ளி வையுங்கள். இஸ்திரி போட்டு, ஒரு இரவு விட்டு, மறுநாள் அதன்மேல் இரண்டு வரி தையல் ஓட்டுங்கள். ஊசி தடுக்குகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிறகு வீட்டில் எப்படித் துவைப்பீர்களோ அப்படித் துவைத்துக் காயவையுங்கள். காய்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தும் பாருங்கள். புள்ளி இருந்த இடம் விறைப்பாக இருந்தாலோ, கறுப்பு, கருநீலம் போன்ற துணியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ அந்தப் பசை வேண்டாம். புது பாட்டில் வாங்கும்போதெல்லாம் நான் இதைச் செய்கிறேன். கிடைத்த துண்டின் மேல் பேனாவால் பசையின் பெயரை எழுதி ஊசிப் பெட்டியில் போட்டு வைப்பேன்.

மைதாப் பசை பற்றியும் கேட்பார்கள். ஒரு பங்கு மைதாவுக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறினால் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். ஆறியதும் பயன்படுத்தலாம். தண்ணீரில் சுத்தமாகப் போய்விடும், விலையும் பெரிதில்லை. ஆனால் இரண்டு நாளுக்குள் தைத்துத் துவைத்துவிட முடியும் என்றால் மட்டுமே அந்தப் பக்கம் போங்கள். மாவுப் பசைக்குக் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் வரும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தை போர்த்திக்கொள்ளும் துணிக்கு அந்தப் பசையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

தெளிக்கும் பசையும் இருக்கிறது. 505 என்ற ஸ்ப்ரேயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். வேலை வேகமாக நடக்கும், மறுபடி எடுத்து ஒட்டவும் முடியும். ஆனால் காற்றோட்டமான இடம் வேண்டும், அடுப்பு எரிகிற பக்கம் கூடாது, தரையெல்லாம் பிசுபிசுக்கும். சமையலறையும் தையலறையும் ஒட்டியிருக்கும் என் வீட்டுக்கு அது சரிவராது.

துணியும் பஞ்சும்

மேல் துணிக்கும் அடித்துணிக்கும் போகிற எல்லாத் துணியையும் வெட்டும் முன்பே ஒருமுறை அலசிக் காயவைத்து இஸ்திரி போட்டுவிடுங்கள். கடைக் கஞ்சி போய்விடும், சுருங்க வேண்டியது சுருங்கிவிடும். முக்கியமாகச் சாயம். பசையைப் போக்க குவில்ட்டைத் தண்ணீரில் ஊறப்போடத்தான் வேண்டும். சாயம் போகும் சிவப்புச் சுங்குடித் துண்டு ஒன்று உள்ளே இருந்தால் பக்கத்து வெள்ளையெல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறுகிறது என்றால் ஏறாமல் நிற்கும்வரை அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப அலசுங்கள், நிற்கவில்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

அடித்துணிக்குக் காடாத் துணி எனக்குப் பிடித்தது. உறுதியாக இருக்கும், பசையை நன்றாகப் பிடிக்கும், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். மேல் துணியைவிடப் பஞ்சும் அடித்துணியும் நாலா பக்கமும் 3 முதல் 4 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். மேல் துணி 40க்கு 50 என்றால் அடித்துணி 48க்கு 58. தைக்கத் தைக்க மேல் துணி விரிந்துகொண்டு போகும், அப்போது அந்த மிச்சம் தேவைப்படும்.

பஞ்சில்தான் பலருக்குப் பசை பேஸ்டிங் கைகூடாமல் போகிறது. பருத்தி ஷீட் இதற்கு மிக நல்லது, மேற்பரப்பு துணி மாதிரியே இருப்பதால் புள்ளி உடனே பிடித்துக்கொள்ளும். சோபா, மெத்தை வேலைக்கான சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் பாலியஸ்டர் ஷீட்டில் மெல்லியதாக, இரண்டு பக்கமும் மேற்பரப்பு இறுகியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். விரலால் கிள்ளி இழுத்தால் இழை கையோடு வரக்கூடாது. புசுபுசுவென்று உயரமாக இருக்கும் ஷீட்டுக்குப் பசை வேண்டாம், மேலே இருக்கும் நாலு இழையை மட்டும் பிடித்துக்கொண்டு அடியில் இருப்பதை விட்டுவிடும். அதற்கு ஊக்குதான் சரி. பஞ்சே வாங்க வேண்டாம் என்றால் பழைய பருத்திப் போர்வை ஒன்றை நடுவில் வையுங்கள். நம் வெயிலுக்கு அந்த கனம் போதும், பசையும் அதில் அருமையாகப் பிடிக்கும்.

விரிப்பதும் புள்ளி வைப்பதும்

சாப்பாட்டு மேசையைத் துடைத்து, மேலே பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். மெல்லிய அடித்துணியில் பசை கசிந்தால் மேசையோடு ஒட்டாது.

அடித்துணியின் உள்பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். நாலு பக்கத்தின் நடுவிலும் முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், அப்புறம் மூலைகள், பிறகு இடையிடையே. மேசையைவிடத் துணி பெரிதாக இருந்தால் தொங்குகிற ஓரங்களை மேசை விளிம்போடு சேர்த்து பெரிய பைண்டர் கிளிப்பால் பிடிக்கலாம். துணி சுருக்கமில்லாமல் இருந்தால் போதும், இழுத்துக் கட்ட வேண்டாம். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அடித்துணி பழைய அளவுக்குச் சுருங்கும், மேல் துணி முழுக்கச் சுருக்கம் விழும். பசையில் எல்லாமே அந்த இடத்தில் நிலைத்துவிடுவதால் ஊக்கைவிட இங்கே கூடுதல் கவனம் தேவை.

அதன்மேல் பஞ்சை விரித்து, நடுவிலிருந்து வெளியே உள்ளங்கையால் தடவிச் சமன் செய்யுங்கள். பாதிப் பஞ்சை அப்படியே மறுபாதியின் மேல் மடித்துப் போடுங்கள். இப்போது அடித்துணியின் பாதி கண்ணுக்குத் தெரியும். அதில் பசை வையுங்கள்.

பாட்டிலோடு வரும் மூக்கு பெரும்பாலும் தடிமனாக இருக்கும், ஒரு அழுத்தில் தேவைக்கு நாலு மடங்கு கொட்டிவிடும். எனக்கு மருதாணிக் கோன்தான் வசதி. வெறும் பிளாஸ்டிக் கோனில் பாதிவரை பசையை ஊற்றி, மேலே மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, நுனியைக் கத்தரியால் துளி வெட்டினால் மெல்லிய புள்ளி வரும். மருதாணி போடுகிறவர்கள் வைத்திருக்கும் உலோக மூக்குள்ள சின்னப் பாட்டில் இருந்தால் இன்னும் நல்லது. நுனி அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேலைக்கு நடுவே ஒரு குண்டூசியைச் செருகி வையுங்கள். நன்றாக ஓடட்டும் என்று பசையில் தண்ணீர் கலக்காதீர்கள். நீர்த்த பசை துணியில் ஊறி முன்பக்கம் தெரியும், பிடிப்பும் குறையும்.

புள்ளி ஒவ்வொன்றும் மிளகு அளவு. ஒன்றுக்கொன்று நான்கு விரல் இடைவெளி, அதாவது 3 அங்குலம். ஊடுபுள்ளிக் கோலத்துக்கு வைப்பதுபோல இரண்டாவது வரிசைப் புள்ளிகளை முதல் வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வைத்துக்கொண்டே போனால் எந்த இடமும் பிடிமானம் இல்லாமல் விட்டுப்போகாது. கோடாக இழுக்கிறவர்களும் உண்டு. எனக்குப் புள்ளிதான் பிடிக்கும், துவைக்கும்போது சீக்கிரம் போகிறது, ஊசியிலும் அதிகம் மாட்டாது. ஓரத்தில் மட்டும் இடைவெளியைப் பாதியாக்குங்கள், தைக்கும்போது சுருட்டித் திருப்பித் திருப்பி ஓரம்தான் அதிகம் பிரியும்.

பாதி முடிந்ததும் மடித்த பஞ்சை மெதுவாகத் திரும்ப விரியுங்கள். இரண்டு கையாலும் தூக்கி, நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, உள்ளங்கையால் தட்டிக்கொடுங்கள். தடவி இழுக்க வேண்டாம், பஞ்சு நீண்டுவிடும். பிறகு மறுபாதி.

மேல் துணியும் இதேபோலத்தான். பஞ்சின் மேல் அதைச் சரியாக நடுவில் விரித்து, குறுக்கு நெடுக்குத் தையல் கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று நீள அளவுகோலை வைத்துப் பாருங்கள். பாதியை மடித்து, பஞ்சின் மேல் புள்ளி வைத்து, திரும்ப விரியுங்கள். மல்மல் போன்ற மெல்லிய வெளிர்நிறத் துணியாக இருந்தால் பசையைப் பஞ்சில் வைக்காமல், மேல் துணியின் உள்பக்கத்தில் தையலுக்காக விட்டிருக்கும் மடிப்புகளின் மேல் வைப்பேன். அங்கே துணி இரண்டு அடுக்காக இருப்பதால் பசை முன்பக்கம் வராது. துண்டுகள் சேரும் கோட்டிலேயே குவில்ட் தையலும் ஓட்டப்போகிறீர்கள் என்றால் புள்ளியைக் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பசை வையுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் மதுரையில் ஒரு பாதிக்குப் புள்ளி வைத்து முடிப்பதற்குள் முதல் வரிசை தோல் கட்டிவிடும், அப்புறம் பிடிக்காது. அப்போது பாதி பாதியாகச் செய்யாமல் கால் கால் பாகமாகச் செய்ய வேண்டும். ஐப்பசி மழையில் நேர் எதிர், அவசரமே இல்லை.

ஒற்றைக் கட்டில் அளவு, 60க்கு 90 என்றால் மேசை போதாது. மேசையின் நடுவுக்குக் குவில்ட்டின் நடு வரும்படி வைத்து, அந்த அளவை மட்டும் மூன்றடுக்கும் முடித்துக் காயவிட்டு, பிறகு கிளிப்பைக் கழற்றி நகர்த்தி அடுத்த பகுதியைச் செய்யுங்கள். பாரம் தொங்கி இழுக்காமலிருக்கப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்ளலாம்.

சூடு

பருத்திப் பஞ்சு என்றால் இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்கான சூட்டில் வைத்து, நீராவி இல்லாமல், மேல் துணியின் மேல் வைத்து வைத்து எடுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் ஈரப் பசையில் துணி நகரும். ஒரு இடத்தில் சில நொடிகள் போதும், தண்ணீர் ஆவியாகிப் புள்ளி இறுகிவிடும். பிறகு டேப்பைக் கழற்றி, குவில்ட்டைத் திருப்பி, அடித்துணிப் பக்கமும் இதேபோல. பின்பக்கம் சுருக்கம் இருந்தால் இப்போதே தெரியும், இப்போதே சரி செய்யவும் முடியும். ஈரத்துணியால் அந்த இடத்தை ஒற்றினால் புள்ளி இளகும், பிரித்துச் சமன் செய்து, புதிதாக ஒரு புள்ளி வைத்து மறுபடி சூடு காட்டுங்கள். ஊக்கு குத்திய குவில்ட்டில் பின்பக்க மடிப்பு பெரும்பாலும் தைத்து முடித்த பிறகுதான் கண்ணில் படும். பசையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இது பெரிய காரணம்.

பாலியஸ்டர் பஞ்சுக்கு அந்தச் சூடு கூடாது. பஞ்சு உருகித் தட்டையாகிவிடும், ஒருமுறை அமுங்கினால் திரும்ப எழும்பாது. மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு மிதமான சூட்டில் லேசாக ஒற்றலாம். அதைவிட, மேசையிலேயே விட்டுவிட்டு இப்போது மின்விசிறியைப் போட்டு ஒரு இரவு காயவிடுவது நல்லது.

முழுக்கக் காய்ந்த பிறகே மெஷினுக்குப் போங்கள். ஊசியில் பசை ஏறுவது, நூல் பிசிறுவது, தையல் விட்டுவிட்டு விழுவது எல்லாமே பெரும்பாலும் ஈரப் பசையால் வருவதுதான். காய்ந்த புள்ளியைப் புது ஊசி சின்னச் சத்தத்தோடு துளைத்துக்கொண்டு போய்விடும்.

ஓட்டும்போது

90/14 ஊசி, புதியதாக. தையல் நீளம் 3 மில்லிமீட்டர். வாக்கிங் ஃபுட் இருந்தால் அதைப் போடுங்கள், மேல் துணியையும் அது சேர்த்து நகர்த்தும். கறுப்பு நிறப் பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் ஃபுட்டுக்கு நேர் மேலே இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டால் பசை பேஸ்டிங்கோடு நன்றாகவே ஓடும். என் மெஷின் அந்த வகைதான்.

முதல் வரி குவில்ட்டின் நடுவில் மேலிருந்து கீழாக. இரண்டாவது நடுவில் குறுக்காக. பிறகு நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒவ்வொரு பக்கமாக. பசை பிடித்திருக்கிறது என்ற தைரியத்தில் ஓரத்திலிருந்து தொடங்க வேண்டாம், மிஞ்சுகிற துணி வெளியே போக வழியில்லாமல் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். ஓட்டப்போகும் பகுதியைத் தவிர மீதியைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள், கசக்கித் திணித்தால் புள்ளிகள் விட்டுப்போகும். எங்காவது விட்டுவிட்டால் பயப்பட வேண்டாம், அந்த இடத்தில் மட்டும் இரண்டு ஊக்கு குத்திக்கொண்டு தொடருங்கள். ஒவ்வொரு பாபின் மாற்றும்போதும் ஊசியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, காய்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள்.

பேஸ்ட் செய்த குவில்ட்டை மாதக்கணக்கில் பீரோவில் வைக்காதீர்கள். வெள்ளைப் பசைப் படலம் நாளாக ஆக இளகச் சிரமப்படும். ஒரு வாரம், பத்து நாளில் தைத்துத் துவைத்துவிட முடியும் என்கிறபோது பசையை எடுங்கள்.

துவைப்பது

ஓரப்பட்டி வைத்துத் தைத்த பிறகு முதல் துவைப்பு. பெரிய பாத்திரத்தில் அல்லது வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்புத்தூள். குவில்ட்டை முழுக்க அமிழ்த்தி அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு புள்ளிகள் இருந்த இடங்களை விரலால் தடவிக்கொடுங்கள், வழவழப்பாக இருந்தால் பசை இளகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தண்ணீரை மாற்றி இன்னொரு முறை ஊறவைத்து, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், அழுத்தித் தண்ணீரை வெளியேற்றுங்கள். நனைந்த குவில்ட் கனமாக இருக்கும், ஒரே கொடியில் போட்டால் தையல் இழுபடும். இரண்டு கொடிகளில் பரப்பிப் போடுங்கள், அல்லது மொட்டைமாடியில் சுத்தமான பாயில் விரியுங்கள். காய்ந்த பிறகும் எங்காவது விறைப்பு தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெந்நீரில் நனைத்து இன்னொரு முறை.

சில குவில்ட்டுகளுக்குப் பசை வேண்டவே வேண்டாம். சுவரில் மாட்டுவதற்காகச் செய்து, துவைக்கவே போவதில்லை என்றால் பசை உள்ளேயே தங்கிவிடும். பட்டுத் துணியில் தண்ணீரும் பசையும் கறை விடும். கையால் தைக்கப்போகிறீர்கள் என்றாலும் வேண்டாம். மெஷின் ஊசி துளைக்கும் காய்ந்த புள்ளியைக் கை ஊசியால் துளைக்க விரல்தான் வலிக்கும், தையலும் சீராக வராது. கைத்தையலுக்குப் பழைய முறையே நல்லது: வெள்ளை நூலில், 4 அங்குல இடைவெளியில் கட்டம் கட்டமாக நீள ஓட்டுத் தையல், நடுவிலிருந்து வெளியே. மேசைமேல் டேப் ஒட்டி விரிக்கிற வரைக்கும் எல்லாம் மேலே சொன்னதேதான். அதன் பிறகு கோனுக்குப் பதில் நீளமான ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வண்ண நூல் வேண்டாம், உருவும்போது சாயத் தூசு வெளிர்நிறத் துணியில் தங்கிவிடும்.